துலிப் நாட்குறிப்பு: லிஸ்ஸேயிலிருந்து லிம்மன் வரை

நாள் 1, லைடன்

நெதர்லாந்து வந்து சேர்ந்தாயிற்று. விமான நிலையத்தில் இறங்கிய பெரும்பாலானோர் ஆம்ஸ்டர்டாம் ரயிலைப் பிடிக்க, நாங்கள் எதிர்த்திசையில் லைடன் வண்டியில் ஏறினோம். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, அறையில் பெட்டியை வைத்துவிட்டோம். வந்திருப்பது நானும் அக்காவும். அக்கா பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். துலிப்பைப் பூக்கும் காலத்தில், மண்ணில் நிற்கும்போது பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒருவழியாக அமைந்தது.

அவள் ஒரு கோடு போட்ட நோட்டு கொண்டுவந்திருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி பிரித்திருக்கிறது: பெயர், பிறந்த வருடம், நிறம். ஒரு ரகம் எந்த வருடம் முதன்முதலில் பதிவானதோ அதைத்தான் பிறந்த வருடம் என்கிறாள். "நிறத்தை மட்டும் பாத்துட்டு வந்தா ஜவுளிக்கடைக்குள்ள போயிட்டு வந்த மாதிரிதான்டா இருக்கும். பேர் தெரிஞ்சுக்கணும்" என்றாள். சரி, இந்தப் பயணம் முழுக்க அப்படியே செய்வோம் என்று முடிவு.

சாயங்காலம் சும்மா இருக்க முடியவில்லை. இங்கே இப்போது இரவு எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. லைடனிலிருந்து ஹார்லெம் போகும் ரயிலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, போய்த் திரும்பி வந்தோம். பூ வயல்களைப் பார்க்க மட்டுமே அந்தப் பயணம். ஃபோர்ஹவுட், ஹில்லகோம் என்று சின்னச் சின்ன ஊர்கள், இடையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கத்தரிப்பூ நிறம் என்று நேர்கோட்டில் இழுத்த பட்டைகள். கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்னால் இருக்கும் இந்த மணற்பாங்கான மண்ணில் தண்ணீர் தேங்காது, அதேசமயம் கொஞ்சம் ஆழத்தில் ஈரம் எப்போதும் இருக்கும். துலிப் கிழங்குக்கு அதுதான் வேண்டும். நாளைக்குக் கியூகென்ஹாஃப் பூந்தோட்டம்.

நாள் 2, கியூகென்ஹாஃப்

காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். லைடன் நிலைய வாசலில் 854 எண் பேருந்து, அரை மணி நேரத்துக்குள் லிஸ்ஸே ஊரில் இருக்கும் தோட்ட வாசலில் இறக்கிவிட்டது. நுழைவுச்சீட்டு எந்த நாள், எந்த நேரம் என்று குறித்துத்தான் தருகிறார்கள், முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். முதல் நேரத்தையே எடுங்கள், காரணம் கீழே வரும்.

32 ஹெக்டேர். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். அதில் துலிப் மட்டும் 800 ரகம். வருடத்தில் எட்டு வாரம்தான் திறந்திருக்கும், மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை. இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன், ஆனாலும் உள்ளே நுழைந்த முதல் பத்து நிமிடம் எதையும் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. உயரமான பீச் (beech) மரங்கள், அவற்றில் அப்போதுதான் விட்ட இளம் இலை, அதன் வழியாக வடிகிற பச்சை வெளிச்சம், கீழே வளைந்து வளைந்து போகும் பாத்திகள், மரங்களுக்கிடையே ஆறு ஓடுவதுபோல் நட்டிருக்கும் நீல மஸ்காரிப் பூக்கள். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா நோட்டைத் திறக்கவே இல்லை, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அப்புறம் ஒரு பாத்தியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தோம். அங்கிருந்துதான் உண்மையில் ஆரம்பம்.

துலிப் என்றால் ஒரு கிண்ணம், ஒரு காம்பு, அவ்வளவுதான் என்று இதுவரை நினைத்திருந்தேன். வடிவத்தையும் பூக்கும் காலத்தையும் வைத்து பல பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது இங்கே வரும்முன் மனதில் பதியவே இல்லை. 'ஒயிட் டிரையம்ஃபேட்டர்' என்று ஒன்று, லில்லி வடிவப் பிரிவு, இடுப்பு ஒடுங்கி, இதழ் நுனி கூர்ந்து வெளிப்பக்கம் வளைந்து, வெள்ளை வெளேரென்று முழங்கால் தாண்டிய உயரம். அதற்குப் பக்கத்தில் விளிம்பு முழுக்கக் குஞ்சம் கட்டியதுபோல் பிசிறு பிசிறாக நிற்கும் பிரிவு. 'ஸ்பிரிங் கிரீன்' தந்த வெள்ளை, ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஒரு பச்சைத் தீற்றல், இலை பூவாக மாறும்போது பாதியில் மனம் மாறியதுபோல. அடுக்குமல்லி மாதிரி அடுக்குத் துலிப்பும் உண்டு. கிளித் துலிப் என்று ஒரு பிரிவு, இதழெல்லாம் சுருண்டு, கிழிந்து, முறுக்கி, பச்சையும் கருஞ்சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி. அதன் மொட்டைப் பார்த்தால் கிளி அலகேதான்.

அக்கா எழுத ஆரம்பித்துவிட்டாள். நிறத்துக்கு அவள் எழுதும் பெயர்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தது: மாந்தளிர், அரக்கு, சந்தனம், மயில்கழுத்து, வாடாமல்லி. பூவின் பலகையில் ஆரஞ்சு, ஊதா என்று பொதுவாகத்தானே சொல்ல முடியும், அவள் சொல்லும்போது எந்த ஆரஞ்சு, எந்த ஊதா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

பத்தரை மணிக்குமேல் கூட்டம். சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வருகின்றன, பாலத்தில் நிற்க இடமில்லை, ஒவ்வொரு பாத்தி முன்னாலும் படம் எடுக்கக் காத்திருக்கும் வரிசை. பூவுக்கு முதுகைக் காட்டி நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் எடுத்தேன். ஆனால் எட்டிலிருந்து பத்தரை வரை கிடைத்த அமைதி, பிறகு நாள் முழுக்கக் கிடைக்கவில்லை. அதனால்தான் முதல் நேரத்தை எடுக்கச் சொல்கிறேன்.

மதியம் வில்லெம்-அலெக்சாண்டர் அரங்கத்துக்குள் ஒதுங்கினோம். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடம், துலிப் ரகங்களைத் தொட்டிப் பாத்திகளில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். வெளியே இன்னும் மொட்டாக இருக்கும் பின்பருவ ரகங்களும் இங்கே விரிந்து நிற்கின்றன, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி முன்கூட்டியே பூக்க வைக்கிறார்கள். ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இதற்குள் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். 'குயின் ஆஃப் நைட்' இங்கேதான் பார்த்தேன். கறுப்பு என்று சொல்கிறார்கள், வெளிச்சத்துக்கு நேரே குனிந்து பார்த்தால் நாவற்பழத்தைக் கடித்தபின் நாக்கில் இருக்கும் நிறம். பிறந்த வருடம் 1944. அதை எழுதிவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வருடக் கடைசியில் தொடங்கிய குளிர்காலத்தில்தான், போரில் உணவு வரத்து நின்றுபோய், மேற்கு நெதர்லாந்தில் மக்கள் துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள்.

திரும்பி வரும் வழியில், வாசலுக்கு அருகே, வெயில் சாய்ந்த நேரத்தில் ஒரு பாத்தி. நல்ல பழுத்த ஆரஞ்சு, ஒவ்வொரு இதழின் வெளிப்பக்கமும் அடியிலிருந்து ஊதாவும் பச்சையும் கலந்த ஒரு சுடர் மேல்நோக்கி எரிகிறது. பலகையில் 'பிரின்சஸ் இரீன்'. அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "இது எந்த நிறம்னு எழுத?" என்று கேட்டாள், எனக்கும் தெரியவில்லை. கடைசியில் 'விளக்கு' என்று எழுதினாள்.

இரவு அறைக்கு வந்து அதைப் பற்றித் தேடிப் படித்தோம். பிறந்த வருடம் 1949. யாரும் இரண்டு பூக்களைச் சேர்த்து உருவாக்கிய கலப்பினம் அல்ல இது. 1845-இல் வந்த 'குலூர் கார்டினல்' என்ற சிவப்புத் துலிப்பின் வயலில், ஒரு செடி தானாகவே நிறம் மாறிப் பூத்திருக்கிறது. அந்த ஒன்றைப் பிரித்து எடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். பிறகு 1983-இல் இதிலிருந்தே மறுபடி ஒன்று மாறி, அடுக்குத் துலிப்பாக 'ஆரஞ்சு பிரின்சஸ்' வந்திருக்கிறது.

"அப்போ பாட்டி, அம்மா, மகள்" என்றேன்.

"மூணு பேரையும் பாத்துடணும்" என்றாள் அக்கா. நாளை வேறு இடம் போவதாக இருந்தோம். திட்டத்தை மாற்றி, இரவே மறுபடி கியூகென்ஹாஃபுக்குச் சீட்டு வாங்கிவிட்டோம்.

நாள் 3, மறுபடியும் கியூகென்ஹாஃப்

மழை, குளிர், காற்று. எட்டு மணிக்கு உள்ளே போனால் எல்லாத் துலிப்பும் மூடிக்கிடந்தது. நேற்று பார்த்த அதே பாத்திகள், ஆனால் அத்தனையும் விரல் குவித்ததுபோல் இறுகி நின்றன. குளிரில் மூடும், வெப்பத்தில் விரியும். இதழின் உள்பக்கச் செல்கள் வெப்பத்தில் வேகமாக நீள்கின்றன, குளிரும்போது வெளிப்பக்கம் முந்திக்கொள்கிறது, அதனால் இந்தத் திறப்பும் மூடலும். அப்படித் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் பூ துளித்துளியாக வளர்கிறது, வாடப்போகும் பூ புதுப் பூவைவிடப் பெரிதாக இருப்பது இதனால்தான் என்று அக்கா விளக்கினாள்.

காத்திருந்தோம். மழைக்கு ஒதுங்கிய நேரத்தில் இந்த இடத்தின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். கியூகென்ஹாஃப் என்றால் சமையற்கட்டுத் தோட்டம் என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டில் ஜாக்குலின் சீமாட்டியின் கோட்டைச் சமையலுக்கு இந்தக் காட்டிலிருந்துதான் கீரையும் மூலிகையும் போயின. 1857-இல் ஸோகர் என்ற தோட்டக் கலைஞரும் அவர் மகனும் ஆங்கிலேயப் பாணியில் வளைவுப் பாதைகளும் குளமும் அமைத்தார்கள், ஆம்ஸ்டர்டாமின் ஃபோன்டெல் பூங்காவும் அவர்கள் கைவேலைதான். 1949-இல் கிழங்கு வளர்ப்பவர்களும் ஏற்றுமதியாளர்களுமாக இருபது பேர் சேர்ந்து, வசந்தகாலப் பூக்களை வாங்குபவர்களுக்கு நேரில் காட்ட ஓர் இடம் வேண்டும் என்று இதைத் தொடங்கினார்கள். மறுவருடம் பொதுமக்களுக்குத் திறந்தபோதே 2,36,000 பேர் வந்தார்கள். இன்றும் கிழங்குகளைத் தருவது வளர்ப்பவர்கள்தான், ஒவ்வொரு பாத்தியும் ஒருவருடைய வேலையைக் காட்டும் சாளரம்.

எட்டு வாரமும் ஒரே பாத்தியில் பூ இருப்பது எப்படி என்பதும் இன்று தெரிந்தது. மூன்று அடுக்காக நடுகிறார்கள். அடியில் கடைசியாகப் பூக்கும் துலிப், அதற்கு மேல் முன்பருவத் துலிப், எல்லாவற்றுக்கும் மேல் குரோக்கஸ் போன்ற சின்னக் கிழங்குகள். மேலடுக்கு பூத்து ஓயும்போது அடுத்தது இலைகளுக்கு நடுவே தலைநீட்டுகிறது. செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை நாற்பது தோட்டக்காரர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். குளிர்காலம் முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் குளிர்பட வேண்டும், 12-லிருந்து 16 வாரக் குளிர் இல்லாவிட்டால் தண்டு சரியாக நீளாது, பூ இலைக்குள்ளேயே மடங்கிப்போகும். வெப்பமான ஊர்களில் கிழங்கை வாங்கி நட்டு ஏமாந்தவர்களுக்கு விடை இதுதான்.

பதினொன்றரைக்கு மேகம் விலகியது. ஐந்து நிமிடத்தில் எதுவும் தெரியவில்லை, இருபது நிமிடத்தில் பாத்தி முழுக்க இதழ்கள் தளர்ந்தன, முக்கால் மணியில் கிண்ணங்கள் மேலே பார்த்துத் திறந்து நின்றன. 'அப்பல்டோர்ன்' என்ற பெரிய சிவப்பு ரகத்தின் உள்ளே எட்டிப் பார்த்தேன். அடியில் கருமை, அதைச் சுற்றி மஞ்சள் விளிம்பு, ஆறு கறுத்த மகரந்தப் பைகள், நடுவில் மூன்றாகப் பிரிந்த சூல்முடி. வெளியிலிருந்து பார்த்தவனுக்கு இப்படி ஒரு அறை உள்ளே இருப்பது தெரியவே தெரியாது. துலிப்புக்குப் புல்லி, அல்லி என்ற வேறுபாடு இல்லை, வெளியே மூன்று, உள்ளே மூன்று, ஆறும் இதழாகவே வளர்ந்துவிடுகிறது என்று அக்கா காட்டினாள். மொட்டில் வெளி மூன்றும் பச்சையாக இருந்து பிறகு நிறமேறுவதையும் பக்கத்துப் பாத்தியிலேயே பார்க்க முடிந்தது.

மகளைத் தேட மதியம் அரங்கத்துக்குள் போனோம். 'ஆரஞ்சு பிரின்சஸ்' கிடைத்தது. அடுக்கடுக்காகக் கனத்த ஆரஞ்சு, கிட்டத்தட்ட சாமந்தியின் நெருக்கம், ஆனால் வெளி இதழில் அதே ஊதாச் சுடர், அதே பச்சைக் கீற்று. குடும்ப முகம் தெரிகிறது என்று நான் சொல்ல, அக்கா தலையாட்டிவிட்டுச் சொன்ன பதில் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "மகள்னு சொல்றது சரியில்லடா. விதையிலேர்ந்து வந்தாத்தான் மகள். இது கிழங்குலேர்ந்து கிழங்கு. சடுதி மாற்றத்துல எங்கயோ ஒரு செல் மாறியிருக்கு, மத்தபடி அதே ஆள்தான். புடவை மாத்திட்டு நிக்கிறா."

போகும்முன் காற்றாலை மேல் ஏறினோம். 1892-இல் குரோனிங்கன் பகுதியில் கட்டியது, 1957-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேலிருந்து தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் உண்மையான வயல்கள் தெரிகின்றன. ஒரு வயலுக்குள் நாலைந்து பேர் படத்துக்காக வரிசைகளுக்கு நடுவே இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். செருப்பில் ஒட்டிய மண்ணோடு நோய் ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், மிதிபட்ட செடியின் கிழங்கு அந்த வருடம் பெருக்காது. அது ஒருவருடைய விவசாயம்.

நாள் 4, லைடன்

கால் வலி, அதனால் இன்று ஊருக்குள்ளேயே. பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்கு நடந்துபோனோம். 1590-இல் தொடங்கியது. 1593-இல் க்ளூசியஸ் என்ற தாவரவியலாளர் வியன்னா, ஃபிராங்க்ஃபர்ட் எல்லாம் இருந்துவிட்டு வயதான காலத்தில் இங்கே வந்து சேர்ந்தார், கூடவே கிழங்குகளும். 1594 வசந்தத்தில் அவர் தோட்டத்தில் துலிப் பூத்தது. துலிப் மத்திய ஆசிய மலைகளின் பூ, துருக்கியச் சுல்தான்களின் தோட்டங்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. தலைப்பாகையைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் துலிப் என்ற பெயரே.

அவருடைய பழைய தோட்டத்தை அதே அமைப்பில், சின்னச் சின்னச் சதுரப் பாத்திகளாக மறுபடி உருவாக்கி வைத்திருக்கிறார்கள். கியூகென்ஹாஃபின் ஆரவாரத்துக்குப் பிறகு இது ஒரு வீட்டுக் கொல்லைபோல் இருந்தது, அது எனக்கு இதமாகவும் இருந்தது. காட்டுத் துலிப்புகள் சாண் உயரம்தான். க்ளூசியஸ் பெயரையே தாங்கிய 'க்ளூசியானா' மெலிந்த காம்பில் வெள்ளை இதழ், வெளியே சிவப்புப் பட்டை. இதைப் பார்த்தபின் கியூகென்ஹாஃபின் பெரிய கிண்ணங்கள் எவ்வளவு தூரம் கடந்து வந்திருக்கின்றன என்று தோன்றியது.

சில துலிப்புகள் திடீரென்று ஒரு வருடம் கோடு கோடாக நிறம் உடைந்து பூப்பதையும், அப்படிப் பூத்த கிழங்கு வருடா வருடம் நலிந்து சாவதையும் க்ளூசியஸ் அன்றைக்கே கவனித்து எழுதியிருக்கிறார். காரணம் தெரிய முந்நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1928-இல் இங்கிலாந்தில் டோரதி கேலி என்ற பெண் ஆய்வாளர், நிறம் உடைந்த கிழங்கின் திசுவை நல்ல கிழங்கில் ஒட்டிப் பார்த்து, இது தொற்றுகிற ஒன்று என்று காட்டினார். அசுவினிப் பூச்சி சுமந்து பரப்பும் வைரஸ். கிழங்கு விலை கண்மண் தெரியாமல் ஏறி, 1637 பிப்ரவரியில் சரிந்து விழுந்த அந்தப் புகழ்பெற்ற துலிப் வணிகப் பித்தில் அதிக விலைக்குப் போனவை பெரும்பாலும் இந்த நோயுற்ற பூக்கள்தான். 'செம்பர் அகஸ்டஸ்' என்ற ரகத்தின் ஒரே கிழங்குக்கு 10,000 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) வரை கேட்டிருக்கிறார்கள், ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரையில் ஒரு பெரிய வீடு வாங்கலாம் அதற்கு. இன்று அந்த ரகம் உலகில் எங்கும் இல்லை, ஓவியத்தில் மட்டும் இருக்கிறது. அக்கா அதன் பெயரை எழுதவில்லை. பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன் என்றாள்.

நாள் 5, லிம்மன்

இந்தப் பயணத்தின் மிக நல்ல நாள் இது.

ஹார்லெம் வழியாக ரயிலில் வடக்கே காஸ்ட்ரிகும் வரை, அப்புறம் பேருந்தில் லிம்மன் என்ற சின்ன ஊர். ஊர்த் தேவாலயத்துக்குப் பக்கத்தில், வேலிக்குள் ஒரு வயல். 'ஹோர்டஸ் புல்போரம்' என்று பெயர். வளைவுப் பாதை இல்லை, குளம் இல்லை, நேர்வரிசையில் பாத்திகள், ஒவ்வொரு ரகத்திலும் கைப்பிடி அளவு செடி, பெயரும் வருடமும் எழுதிய பலகை. அவ்வளவுதான். நாங்கள் போனபோது உள்ளே இருபது பேர்கூட இல்லை.

1924-இல் இந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் பீட்டர் போஷ்மன் என்பவர், சந்தையில் யாரும் கேட்காமல் போன பழைய ரகங்களின் கிழங்குகளை வாங்கிச் சேர்த்து நட ஆரம்பித்தார். வளர்ப்பவர்களுக்குப் புது ரகம் வந்ததும் பழையது பாரம், நிலத்தை அடைக்கும். இவர் அதையெல்லாம் காப்பாற்றி வைத்தார். இன்று துலிப், ஹயசிந்த், நார்சிசஸ் எல்லாம் சேர்த்து 4000 ரகத்துக்கு மேல் இருக்கிறது. ஒரு பள்ளி ஆசிரியர் ஆரம்பித்தது என்று தெரிந்ததும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இங்கே இருக்கும் துலிப்புகளில் மூத்தது 1595-ஐச் சேர்ந்தது: 'டுக் ஃபான் டோல்', சிவப்பும் மஞ்சளும். நாங்கள் தாமதமாக வந்துவிட்டோம், அது வருடத்தில் முதலில் பூக்கும் வகை. பாத்தியில் அநேகமாக எல்லாம் உதிர்ந்து, சூல்பை மட்டும் நின்றது. ஓரத்தில் இரண்டே இரண்டு பூ மிச்சம், சாண் உயரம்கூட இல்லை, சிவப்பு இதழ், மஞ்சள் விளிம்பு, ஒன்றில் ஏற்கெனவே நான்கு இதழ்தான். மண்டி போட்டுப் பார்த்தோம்.

ஒரு துலிப் கிழங்கின் ஆயுள் ஒரு வருடம். பூத்து முடிந்து இலை வாடும்போது பழைய கிழங்கு சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும், அதன் இடத்தில் ஒரு புதுக் கிழங்கும் ஓரத்தில் சில குட்டிக் கிழங்குகளும் இருக்கும். கோடையில் தோண்டி எடுத்து, உலர்த்தி, பிரித்து, இலையுதிர்காலத்தில் மறுபடி நட வேண்டும். பயிராக வளர்த்துக் காக்கும் ரகம் என்றால் இது வருடா வருடம் நடக்க வேண்டும். வாழையடி வாழையாக என்று நாம் சொல்வோமே, இதைவிடச் சரியாக அந்தச் சொல் வேறெங்கும் பொருந்தாது. 1595-லிருந்து இன்றுவரை நானூற்றுச் சொச்சம் தடவை யாரோ ஒருவர் இந்தக் கிழங்கை மண்ணிலிருந்து எடுத்து, மறக்காமல் மறுபடி வைத்திருக்கிறார். போர் நடந்திருக்கிறது, பஞ்சம் வந்திருக்கிறது, எவ்வளவோ பேர் மாறியிருக்கிறார்கள். சில வருடம் எல்லோருமே கைவிட்டிருந்தால் போதும், 'செம்பர் அகஸ்டஸ்' போன இடத்துக்கு இதுவும் போயிருக்கும். விதையில் இதைத் திரும்பப் பெற முடியாது, விதை போட்டால் வேறு பூ வரும், அதுவும் பூக்க ஐந்து ஆறு வருடம் ஆகும்.

இதை அக்கா சொல்லிக்கொண்டு வரும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த நான்கு இதழ்ப் பூ, இதே செடி, 1595-இல் யாரோ பார்த்த அதே செடி.

அங்கிருந்து எழ மனமில்லாமல் எழுந்து வரிசை வரிசையாக நடந்தோம். 'லாக் ஃபான் ரைன்' 1620, வாடாமல்லி நிறம், வெள்ளைக் கரை, கரைவைத்த புடவையேதான். 'கெய்சர்ஸ்க்ரோன்' 1750, சிவப்புக்கு அகலமான மஞ்சள் ஓரம், கொஞ்சம் பகட்டு, ஆனால் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் வயலை விட்டு இறங்காத ரகத்துக்கு அந்தப் பகட்டு தகும். வைரஸால் நிறம் உடைந்த பழைய துலிப்புகளும் இங்கே இருக்கின்றன. வணிக வயல்களில் நோய் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து, இப்படி ஒன்று தென்பட்டால் கிழங்கோடு பிடுங்கிவிடுவார்கள். கடையில் கோடுபோட்ட துலிப் என்று விற்பதெல்லாம் நோயில்லாத, மரபிலேயே இரு நிறம் கொண்டவை. உண்மையான உடைந்த பூவைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், வெள்ளை இதழில் ஒற்றை மயிர் தூரிகையால் இழுத்ததுபோல் சிவப்பு நரம்புகள், இரண்டு பூ ஒன்றுபோல் இல்லை.

அப்புறம் பாட்டி.

ஏழெட்டு வரிசை தாண்டி நான்தான் முதலில் பலகையைப் பார்த்தேன், 'குலூர் கார்டினல்', 1845. குட்டையான, தடித்த காம்பு. ஆழ்ந்த சிவப்பு, அதன்மேல் வெளிப்பக்கம் திராட்சைப் பழத்தின் மேலுள்ள சாம்பல் பூச்சுபோல் ஒரு ஊதாப் படலம், அடியிலிருந்து மேலே ஏறுகிறது. இரீனில் விளக்குச் சுடராக நின்ற அதே ஊதா. ஆரஞ்சை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்தால் இது, சிவப்பை எடுத்துவிட்டு ஆரஞ்சை வைத்தால் அது. அக்கா தொலைபேசியில் நேற்று முன்தினம் எடுத்த இரீன் படத்தைத் திறந்து பூவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். சுடரின் உயரம்கூட ஒன்று.

"பாத்தியா, அதே ஆள்தான்" என்றாள்.

வேலை செய்துகொண்டிருந்த வயதான தன்னார்வலர் ஒருவர் நாங்கள் படத்தைப் பூவோடு பிடித்து நிற்பதைக் கவனித்து அருகில் வந்தார். அக்கா படத்தைக் காட்டினாள். அவர் பெரிதாகச் சிரித்து, கீழே உதிர்ந்து கிடந்த ஒரு சிவப்பு இதழை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அது இப்போது நோட்டுக்குள் இருக்கிறது.

மூன்று மணிக்குமேல் காற்று அதிகமானது. மூலையில் ஒரு பாத்தி முழுக்க மொட்டு, பச்சை இறுக்கத்தில் வெளிறிய கோடு லேசாகத் தெரிகிறது. 'சோமர்ஸ்கோன்', 1620. கோடையழகு என்று பொருள் வரும். நிறம் உடைந்த பழைய துலிப்புகளில் உயிரோடு மிஞ்சியவற்றில் மிக மூத்தவற்றில் ஒன்று, தந்த வெள்ளையில் மாதுளை நிறக் கீற்று. இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஒரு பூந்தோட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்ப்பது நடக்காது, முன்பருவம் போய்விட்டது, பின்பருவம் வரவில்லை. அடுத்தமுறை வந்தால் மே முதல் வாரம் இங்கேயே வருவேன்.

நாள் 6, ரயிலில்

விமான நிலையம் போகும்முன் ஒருமுறை ஹார்லெம் ரயிலில் போய்வந்தோம், முதல்நாள் மாதிரியே. மஞ்சள் பட்டைகளில் பாதியைக் காணோம். இயந்திரம் வரிசை மேல் நகர்ந்து பூத்தலைகளை மட்டும் கொய்துகொண்டு போகிறது, வரப்போரம் மஞ்சள் இதழ்க் குவியல். சத்து விதைக்குப் போகாமல் கிழங்குக்குப் போவதற்காக. இலைகளை விட்டுவிடுவார்கள், ஜூன், ஜூலையில் அவை காய்ந்தபின் தோண்டி எடுப்பார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை அதைப் பார்த்து முகம் வாடியது. அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நோட்டை எடுத்து எண்ணினாள். 143 ரகம். 'குலூர் கார்டினல்' வரிக்கு எதிரே நிறப் பத்தியில் எதுவும் எழுதாமல் அந்த இதழை ஒட்டியிருக்கிறாள், காகிதத்தில் ஊதாவாகக் கசிந்திருக்கிறது. கடைசி வரி 'சோமர்ஸ்கோன், 1620'. நிறம் என்ற இடத்தில் 'மொட்டு' என்று எழுதியிருந்தாள்.